வேகமாக வளரும் புறநகர் கவுண்ட்டியில் (அமெரிக்காவில் மாவட்டம் மாதிரி) தேர்ந்தெடுக்கப்படும் நிர்வாகக் குழு உறுப்பினர் எதற்கு முதலிடம் தர வேண்டும்?

எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற முடிவுக்குத்தான். வர்ஜீனியாவில் லவுடன் கவுண்ட்டியில், ஆஷ்பர்னில் குடியிருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

2000இல் இங்கே மக்கள்தொகை ஏறக்குறைய 1.7 லட்சம், 2020இல் 4.2 லட்சம். 2022 நவம்பரில் வாஷிங்டன் மெட்ரோ ரயிலும் ஆஷ்பர்ன் வரை வந்துவிட்டது. கவுண்ட்டியை நடத்துவது சூப்பர்வைசர்கள் என்ற 9 உறுப்பினர்கள்: வட்டாரத்துக்கு ஒருவராக 8 பேர், மொத்த கவுண்ட்டியும் தேர்ந்தெடுக்கும் தலைவர் ஒருவர்.

ஓட்டுக் கேட்டு வரும் எல்லாரும் சாலை, பள்ளி, வரி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் வர்ஜீனியாவில் பெரும்பாலான கவுண்ட்டிச் சாலைகள் 1932இலிருந்தே மாநிலத்தின் பொறுப்பு. பள்ளிகளை நடத்த தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டு இருக்கிறது. சூப்பர்வைசர்கள் அதற்குப் பணம் ஒதுக்கலாம், பள்ளியை நடத்த முடியாது. நிலம் மட்டும் அவர்கள் கையில் இருக்கிறது. 400 வீட்டுக்கு இன்று ஒப்புதல் கொடுத்தால் சில வருஷத்தில் அந்தப் பிள்ளைகள் பள்ளி வாசலில் நிற்பார்கள், அந்தக் கார்கள் சிக்னலில் நிற்கும். அதற்குப் பிறகு யோசித்து என்ன பயன்?

இங்கே நிலம் என்றாலே டேட்டா சென்டர் பேச்சுதான், அதாவது இணையத்துக்கான கம்ப்யூட்டர்களை வரிசையாக அடுக்கி வைக்கும் பெரிய கட்டிடங்கள். அதைக் குறை மட்டும் சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு 100 டாலர் மதிப்புக்கு 4.15 டாலர் வரியை அந்த நிறுவனங்கள் கட்டுகின்றன. அந்தத் துறைக்காக 1 டாலர் செலவழித்தால் 26 டாலர் வரியாகத் திரும்பி வருகிறது என்பது கவுண்ட்டியே சொல்லும் கணக்கு. சில வருஷம் முன்பு வரை 100 டாலருக்கு ஒரு டாலருக்கு மேல் இருந்த வீட்டு வரி 2025இல் 80.5 சென்டுக்கு இறங்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. என் வீட்டுக்கும் அந்தப் பலன் கிடைத்தது.

சரி, அதன் இன்னொரு பக்கம்? சாயங்காலம் டபிள்யூ அண்ட் ஓடி டிரெயில் என்ற நடைபாதையில் நடக்கப் போவேன். மரங்கள் முடிகிற இடத்தில் ஜன்னலே இல்லாத நீளமான சுவர் ஆரம்பிக்கும். கூரை மேல் ஓடும் விசிறிகளின் ரீங்காரம் தொடர்ந்து காதில் விழும், தலைக்கு மேல் உயர் அழுத்தக் கம்பிகள் போகும். படுக்கையறைக்கு எதிரே இது இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். கம்ப்யூட்டர்களின் மதிப்பு வருஷா வருஷம் தேயும் என்பதும் எனக்குக் கவலைதான். பள்ளிச் செலவை அந்த ஒரு வருமானத்தை நம்பி விடக் கூடாது.

முன்பெல்லாம் சில மண்டலங்களில் டேட்டா சென்டர் கட்ட பொது விசாரணையே தேவைப்படாது, விதிக்குள் இருந்தால் போதும். 2025 மார்ச்சில் சூப்பர்வைசர்கள் அதை நிறுத்தினார்கள். இனி ஒவ்வொன்றும் விசாரணைக்கு வந்து, சூப்பர்வைசர்களின் ஓட்டெடுப்பில் தேற வேண்டும். அவர்கள் செய்ததில் நான் மனதாரப் பாராட்டுவது இதைத்தான். ஏற்கெனவே வரிசையில் இருந்த சில விண்ணப்பங்களுக்கு விலக்கு உண்டு, அதையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சூப்பர்வைசர்களுக்கு அடுத்த தேர்தல் 2027 நவம்பரில். வாசலுக்கு வருபவரிடம் நான் கேட்கப் போவது இதுதான்: டேட்டா சென்டரை வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி அனுமதிப்பீர்கள், மின்கம்பி எந்த வழியாக வரும்? அதுவரை, சாலையோரம் நிலப் பயன்பாட்டு அறிவிப்புப் பலகை நட்டிருந்தால் காரை ஓரங்கட்டிப் படியுங்கள். விசாரணைத் தேதி அதிலேயே இருக்கும். கவுண்ட்டியின் தலைநகரான லீஸ்பர்க்கில் நேரில் போய்ப் பேசலாம், யார் வேண்டுமானாலும்.