ஒரு கட்சியின் கொள்கை ஓட்டைக் கொண்டுவருமா, விரட்டுமா?

இரண்டும் நடக்கும். ஆனால் விரட்டுவதுதான் சீக்கிரம் நடக்கும். புதிதாக ஒன்றைத் தருகிறேன் என்று சொல்லும் கட்சியை மக்கள் யோசித்துத்தான் நம்புவார்கள்; கையில் இருப்பதைப் பிடுங்கினால் மறுயோசனையே கிடையாது. தமிழ்நாட்டில் 2001-க்குப் பிறகு நடந்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

2001-ல் அதிமுக 132 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. கஜானா காலி என்று சொல்லி ஜெயலலிதா சிக்கனத்தில் இறங்கினார். மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் என்றால் ரேஷன் கார்டில் 'எச்' முத்திரை விழுந்தது, அரிசி கிடையாது. விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் நின்றது. சலுகைகளை வெட்டியதற்காக 2003 ஜூலையில் அரசு ஊழியர்கள் ஸ்டிரைக் செய்ய, வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் எஸ்மா சட்டம் பாய்ந்து சுமார் 1.7 லட்சம் பேர் டிஸ்மிஸ் ஆனார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்பினார்கள்.

ஒரு வாத்தியாருக்கு வேலை போனால் ஊருக்கே தெரியும். அவர் வீட்டு ஓட்டு மட்டுமா போகும்? அண்ணன் தம்பி, சம்பந்தி வீடு, மாதக் கணக்கில் சாமான் கொடுத்த மளிகைக்கடைக்காரர் வரைக்கும் அந்தக் கோபம் போகும். இது போதாதென்று கோயில்களில் கிடா வெட்டத் தடை வேறு. குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை வெட்டக்கூடாது என்றால் கிராமத்தில் யார் ஏற்பார்கள்? அரசியலே பேசாத பெண்கள்கூட அதற்காகக் கோபப்பட்டார்கள். தேர்தலுக்கு முன்பே அந்தச் சட்டத்தை ரத்து செய்தும் கோபம் ஆறவில்லை.

2004 நாடாளுமன்றத் தேர்தலில் புதுச்சேரியையும் சேர்த்து 40-க்கு 40 திமுக அணிக்குப் போனது. காங்கிரஸ், பாமக, மதிமுக, இடதுசாரிகள் எல்லாம் ஒரே பக்கம் நின்ற கூட்டணிக் கணக்கும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முடிவு வந்த சில நாட்களில், மே 18 அன்று, இலவச மின்சாரம் திரும்பியது, 'எச்' முத்திரை போனது, ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் வாபஸ் ஆயின, மதமாற்றத் தடைச் சட்டமும் ரத்தானது. எது தோற்கடித்தது என்று ஜெயலலிதாவுக்கே தெரிந்திருந்தது.

ஓரளவு பலனும் கிடைத்தது. 2005-ல் காஞ்சிபுரம், கும்மிடிப்பூண்டி இடைத்தேர்தல்களில் அதிமுகதான் ஜெயித்தது. ஆனால் அரசு ஊழியர் குடும்பங்கள் 2006-லும் மறக்கவில்லை என்பது என் கணிப்பு.

2006-ல் கருணாநிதி 2 ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி, இலவச கலர் டிவி என்றார். தேர்தல் அறிக்கையைப் பற்றியே ஊரெல்லாம் பேச்சு. அப்படியும் திமுகவுக்கு 96 இடங்கள்தான். காங்கிரஸ் ஆதரவில்தான் ஆட்சி நடந்தது. சொன்னபடி அரிசியும் வந்தது, டிவியும் வந்தது. ஆனாலும் 2011-ல் திமுகவுக்குக் கிடைத்தது 23 இடங்கள். 2ஜி விவகாரம், கூட்டணி என்று காரணங்கள் பல. நான் முதலில் வைப்பது மின்வெட்டைத்தான்: வீட்டுக்கு வந்த டிவியைப் போட்டுப் பார்க்கக் கரண்ட் இல்லை.