தினமும் நடக்கும் அம்மாவுக்குக் கதிரையை விட்டு எழும்ப ஏன் கஷ்டம்?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, 50 கிலோ. சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். விடியற்காலையில் அரை மணி நேரம் கோயில் வீதியில் நடப்பார். ஆனாலும் கையை ஊன்றாமல் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. இரவில் இரண்டு இடியப்பமும் சொதியும்தான் சாப்பாடு. என்ன செய்யலாம்? (கொக்குவிலில் இருந்து ஒரு மகள்)

பதில்: நடையை விட வேண்டாம். சீனிக்கும் இதயத்துக்கும் அது நல்லது. தொடைப் பலத்துக்குத்தான் அது மட்டும் காணாது. முன்பு கிணற்றில் தண்ணீர் அள்ளி, திருவலையில் குந்தித் தேங்காய் துருவி எழும்பியதில் கால்களுக்கு வேலை கிடைத்தது. இப்போது மோட்டரும் மிக்சியும் வந்துவிட்டன. நல்லதுதான், ஆனால் கால் சும்மா இருந்துவிட்டது. 65 வயது தாண்டியவர்கள் வாரத்தில் 2 நாளாவது தசைப் பயிற்சியும், 3 நாளாவது சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது.

ஒரு கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், சீமெந்துத் தரையில் வழுக்கிவிடும். அம்மா கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தரம் எழும்பித் திரும்ப இருக்கிறார் என்று எண்ணுங்கள். அவரது வயதுப் பெண்களுக்கு 10க்குக் குறைந்தால் கால் பலம் போதாது. கை ஊன்றாமல் எழும்பவே முடியாவிட்டால் இருக்கையில் ஒரு தலையணை வைத்து உயர்த்திக் கொடுங்கள். அந்தக் கதிரையிலேயே பயிற்சியும்: ஒரு நாள் விட்டு ஒரு நாள், எட்டுத் தரம் எழும்பி, மூன்று எண்ணும்வரை மெல்ல இறங்கி இருக்க வேண்டும். 'தொப்'பென்று விழுந்தால் பாதிப் பயன் போய்விடும். பிறகு குசினி மேசையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கலாம்.

சரி, சாப்பாடு. வயதானவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். அம்மாவுக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம். இடியப்பத்திலும் சொதியிலும் அது அதிகம் தேறாது. மத்தியானம் மட்டும் மீன் சாப்பிட்டு, காலையும் இரவும் மாவோடு முடிப்பதுதான் எங்கள் வீடுகளின் பழக்கம். இரவு இடியப்பத்தோடு ஒரு முட்டை சேர்த்தால் 6 கிராம். காலையில் ஒரு கோப்பை அவித்த பயறு கிட்டத்தட்ட 14 கிராம். மீன் 100 கிராமில் 20 கிராம் அளவில் இருக்கும். கருவாட்டில் புரதம் உண்டு, உப்பும் உண்டு. பிரஷர் இருந்தால் கை வைக்காதீர்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் சைவம் என்றால் மீன் இருந்த இடத்துக்குப் பயறு, கடலை, தயிர், உழுந்து வரட்டும். வெறும் மரக்கறியால் அந்த இடம் நிரம்பாது.

சீனி வருத்தக்காரருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம். அப்படியானால் புரதத்தைக் கூட்டுவது பிழை. கிளினிக்கில் அந்தப் பரிசோதனை முடிவைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். சில சீனி மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சீனி இறங்கித் தலை சுற்றும். அம்மாவின் மாத்திரை அந்த வகையா என்றும் கேளுங்கள். நெஞ்சு நொந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆறு கிழமை கழித்துத் திரும்ப எண்ணிப் பாருங்கள்.