ஓய்வுபெற்ற பின் பைக்கில் நெடும்பயணம்: கணக்கை மாலை நான்கு மணியிலிருந்து ஆரம்பியுங்கள்

கேள்வி: வயது 62. போன மாதம்தான் ஓய்வு பெற்றேன். நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தனியாக பைக்கில் போக ஆசை. மொத்தம் 7,500 கிலோமீட்டர், தினம் 420 வீதம் 18 நாள் என்று போட்டிருக்கிறேன். இரவில் கூடாரம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், முழங்காலில் கொஞ்சம் வலி உண்டு. இருப்பது 350 சிசி வண்டி, பெரியது வாங்க வேண்டுமா? வீட்டில் பயப்படுகிறார்கள். சாமான் பட்டியல் (மடக்கு மேசை, நாற்காலி உட்பட) இணைத்திருக்கிறேன்.

பட்டியலை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த 420-ஐ அடித்துவிடுங்கள்.

அறை எடுத்துத் தங்குகிறவருக்கு அது ஒத்துவரலாம், ஏனென்றால் வண்டியை நிறுத்தியதும் அவருக்கு நாள் முடிந்துவிடுகிறது. கூடாரக்காரருக்கு அங்கேதான் அடுத்த வேலையே ஆரம்பம்: இடம் பார்க்க வேண்டும், கட்ட வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், செயினுக்கு எண்ணெய் போட வேண்டும், காலையில் எல்லாவற்றையும் திரும்ப மூட்டை கட்ட வேண்டும். ஊர் நெரிசல், மலைப்பாதை, சாலை வேலை எல்லாம் சேர்ந்தால் சராசரி வேகம் மணிக்கு 50-ஐத் தாண்டுவது கஷ்டம். அப்படிப் பார்த்தால் 420 கிலோமீட்டருக்கு ஓட்டம் மட்டுமே எட்டரை மணி நேரம், பெட்ரோல், சாப்பாடு, இடுப்பை நிமிர்த்த நிற்பது என்று இன்னொரு இரண்டு மணி. காலை ஏழுக்குக் கிளம்பினால் மாலை ஐந்தரைக்குத்தான் போய்ச் சேருவீர்கள். ஒரு நாள் செய்துவிடலாம், இரண்டு நாள்கூடச் செய்யலாம். நான்காம் நாள் காலையில் தூக்கம் போதாமல், கை விறைத்து, கவனம் சிதறி வண்டியில் உட்காருவீர்கள். அறுபதுக்கு மேல் ஓட்டும் திறமை ஒன்றும் போய்விடுவதில்லை, ஒரே இரவில் உடம்பு பழையபடி தேறுவதுதான் நின்றுபோகிறது.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மாலை நான்கு மணிக்குக் கூடாரம் எழும்பி நிற்க வேண்டும், அதற்கு மூன்று மணிக்குள் இடத்தில் இருக்க வேண்டும். மதியம் இரண்டு முதல் நான்கு வரை இயல்பாகவே கண் சொக்கும் நேரம் என்பதால் அப்போது சாலையில் இல்லாமல் இருப்பது எப்படியும் நல்லதுதான். இப்படிப் பார்த்தால் தினம் 250 கிலோமீட்டர் சரியாக வரும். வாரத்துக்கு ஐந்து நாள் ஓட்டம், இரண்டு நாள் ஒரே இடத்தில் சும்மா இருப்பது என்று வைத்தால் ஆறு வாரத்தில் அதே 7,500 முடியும். லீவு லெட்டர் யாருக்கும் எழுத வேண்டியதில்லையே, பிறகு 18 நாளில் ஏன் முடிக்க வேண்டும்? வாரத்தில் இரண்டு இரவாவது அறை எடுத்துத் துணி துவைத்து, வெந்நீரில் குளித்து, கட்டிலில் படுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

தூக்கம் என்றதும் முழங்கால். தரையிலிருந்து எழுவதுதான் உங்களுக்குத் தினமும் வரப்போகும் தொல்லை, ஓட்டுவது அல்ல. மடக்குக் கட்டில் இரண்டு மூன்று கிலோ கூட்டினாலும் எடுத்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்து காலை ஊன்றி எழலாம். ஆனால் கட்டிலுக்கு அடியில் காற்று ஓடுவதால் குளிரில் முதுகு விறைத்துப்போகும், அதன்மேல் பாய் போட்டே ஆக வேண்டும். பாயில் ஆர்-மதிப்பு என்று ஒரு எண் இருக்கும், கூடக்கூடக் குளிரைத் தடுக்கும். உறையும் நிலையை ஒட்டிய இரவுகள் வரும் என்றால் 4-க்குக் குறையாமல் பாருங்கள். தூக்கப் பையில் இரண்டு வெப்பநிலை போட்டிருப்பார்கள், சௌகரியமாகத் தூங்க ஒன்று, தாங்கிக்கொள்ளும் எல்லை ஒன்று. கடையில் பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் எல்லைதான். நீங்கள் சௌகரிய எண்ணை மட்டும் பாருங்கள். அப்புறம், வாய் அகன்ற மூடி போட்ட பாட்டில் ஒன்று. எதற்கு என்று சொல்லத் தேவையில்லை, நடு இரவில் மழையில் ஜிப்பைத் திறக்கும்போது தெரியும். எழுந்து போகத்தான் வேண்டும் என்றால் ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு எழுங்கள், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். மழையோ குளிரோ, அடுப்பைக் கூடாரத்துக்குள் பற்ற வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

வண்டிக்கு வருவோம். பெரியது வேண்டாம். தினம் 250 ஓட்ட 350 சிசி தாராளம், கீழே விழுந்தால் தூக்கப்போவதும் நீங்கள் ஒருவர்தான். ஒரு நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய மெத்தையின் மேல் வண்டியைச் சாய்த்து, தூக்கிப் பாருங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கிவிட வேண்டும், கியரில் போட்டிருக்க வேண்டும், முதுகை சீட்டில் கொடுத்து, கால் பலத்தில் பின்னோக்கி நடக்க வேண்டும். முழங்கால் மறுத்தால் லக்கேஜைக் கழற்றிவிட்டு முயலுங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் இன்னும் லேசான வண்டியைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கே ஒருமுறை நடந்தது. ஈர மண்ணில் சைடு ஸ்டாண்டு போட்டுவிட்டு நிம்மதியாகத் தேநீர் வைத்துக்கொண்டிருந்தேன், ஸ்டாண்டு மெல்ல மெல்லப் புதைந்து வண்டி கூடாரத்தின் மேலேயே சாய்ந்தது. நல்லவேளை உள்ளே நான் இல்லை. அன்றிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு என் பையில் இருக்கிறது. கூடாரத்தை விட்டு இரண்டு ஆள் நீளம் தள்ளியும் நிறுத்துகிறேன். இன்னொன்று, நிறுத்தும்போதே மறுநாள் கிளம்பும் திசையில் திருப்பி நிறுத்துங்கள், பாரத்தோடு மேட்டில் பின்னோக்கித் தள்ளும் வேலை இந்த வயதில் வேண்டாம்.

எடை விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வண்டியின் கையேட்டில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று இருக்கும், அதில் உங்கள் எடை, ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் அடக்கம். லக்கேஜை 25 கிலோவுக்குள் வைக்கப் பாருங்கள். கனமானதெல்லாம் கீழே, உங்கள் முதுகுக்கு நெருக்கமாக. பின்னால் துருத்தும் பெட்டியில் லேசானது மட்டும். பாரத்துக்கு ஏற்ற டயர் காற்றளவும் கையேட்டிலேயே இருக்கும், அதைக் காலையில் டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வருடத்தைத் தாண்டிய டயரை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், இவ்வளவு தூரத்துக்கு நான் நம்ப மாட்டேன். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய், மழையில் ஓட்டினால் அன்று மாலையே.

சர்க்கரை மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கம் வர வைக்கும் வகையா? ஆம் என்றால் கிளம்பும் முன்பும் ஓட்டத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறையும் குத்திப் பாருங்கள், 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டு ஏறிய பிறகே சாவியைத் தொடுங்கள். சர்க்கரைக் கட்டி ஜாக்கெட் பையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பிரயோஜனம் இல்லை. மாத்திரைகளை இரண்டு பங்காக்கி இரண்டு பைகளில் போடுங்கள். வயது ஏற ஏறத் தாகம் தெரிவது மங்கிவிடும், அதனால் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் குடியுங்கள். காற்று 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஜாக்கெட்டைத் திறப்பது குளிர்ச்சி தராது, அனல்தான் உள்ளே வரும். உள் பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டு மேலே மூடிக்கொள்ளுங்கள். காதுக்கு நுரைப்பஞ்சு அடைப்பான் கட்டாயம்: வேகமாகப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும், செவியைக் கெடுப்பதோடு ஆளையும் சோர்வாக்கும்.

வீட்டுக்காரர்களின் பயத்துக்கு தைரியம் சொல்லிப் பயனில்லை, ஏற்பாடுதான் மருந்து. தினம் மாலை ஐந்துக்கு இருக்கும் இடத்தை அனுப்புவேன், சிக்னல் கிடைக்காது என்று தெரிந்தால் காலையிலேயே சொல்வேன், சொல்லாமல் இரவு ஒன்பது வரை தகவல் இல்லை என்றால் இன்னாரை அழையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். சிக்னலே இல்லாத பகுதி அதிகம் என்றால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள். ரத்த வகை, மாத்திரைப் பெயர்கள், வீட்டு எண் இவற்றை எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால், முழு பாரத்தோடு மூன்று நாள், இரண்டு இரவு ஒத்திகை. மழை வந்தால் கொடுத்துவைத்தவர், திரும்பி வந்துவிடாதீர்கள். வீடு வந்ததும் சாமான்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தொட்டது, தொடாதது, ஆபத்துக்கென்று வைத்தது. பஞ்சர் கிட், முதலுதவி, மழை உடை எல்லாம் மூன்றாவதில் இருக்கட்டும், அதில் கை வைக்காதீர்கள். இரண்டாவது குவியல் வீட்டிலேயே தங்க வேண்டியது. உங்கள் மடக்கு மேசை அதில்தான் விழும் என்று பந்தயம் கட்டுகிறேன். நாற்காலி விழாது.