வழுக்கைக்கு ஏன் இன்னும் நிரந்தர மருந்து வரவில்லை? கடையில் விற்பவை எல்லாம் ஏமாற்றா?

எல்லாமே ஏமாற்று இல்லை. வேலை செய்யும் மருந்துகள் இருக்கின்றன, நிரந்தரமாகச் சரிசெய்யும் மருந்துதான் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்ப்பதால் இதே கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முக்கியமான மருந்துகள் இரண்டு. இரண்டுமே வேறு நோய்க்காக வந்தவை.

மினாக்சிடில் முதலில் பிரஷர் மாத்திரை. அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனம் உருவாக்கியது. 1970களின் தொடக்கத்தில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, முகத்திலும் கையிலும் வேண்டாத இடத்தில் எல்லாம் முடி முளைத்தது. பக்கவிளைவு என்று ஒதுக்கிவிடாமல், கின்டர் கான், பால் கிரான்ட் என்ற இரண்டு தோல் மருத்துவர்கள் அதைக் கரைசலாக்கித் தோலில் தடவிப் பார்த்தார்கள். முடி வளர்ந்தது. 1988இல் 2 சதவீத லோஷனுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஃபினாஸ்டரைடின் கதை இன்னும் வியப்பானது. டொமினிகன் குடியரசில் சலினாஸ் என்றொரு ஊர். அங்கே சில குழந்தைகள் பிறந்தபோது பெண்ணாகத் தெரிந்து, பெண்ணாகவே வளர்க்கப்பட்டு, பருவ வயதில் ஆணுக்குரிய உடல் மாற்றங்கள் அடைந்தார்கள். டெஸ்டோஸ்டிரோனை டிஹெச்டி என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றும் நொதி (என்சைம்) அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு என்று ஜூலியான் இம்பெரட்டோ மெக்கின்லியின் குழு 1974இல் எழுதியது. அவர்களுக்குப் பிராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீங்கவில்லை, வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தை மெர்க் நிறுவனம் உருவாக்கியது. பிராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் 1992இல், முடிக்கு 1 மில்லிகிராம் 1997இல் அனுமதி பெற்றது.

அப்படியென்றால் ஏன் நிரந்தரமில்லை? முன்நெற்றியிலும் உச்சியிலும் உள்ள முடிவேர்கள் டிஹெச்டியால் எளிதில் பாதிக்கப்படுவது பரம்பரைக் குணம். முடி விழுந்து முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் வேர் கொஞ்சம் சுருங்கும், முளைக்கும் முடி இன்னும் மெலியும். மருந்து அந்தக் குணத்தை மாற்றுவதில்லை, உபயோகிக்கும் வரை தடுத்து வைக்கிறது. நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைதான். புது மருந்து வரத் தாமதமாவதற்கும் காரணம் உண்டு: எலிக்கு மனிதர்கள் மாதிரி வழுக்கை விழுவதில்லை, அதனால் எலியில் முடி வளர்த்த மருந்து மனிதர்களிடம் தோற்றுப்போகலாம். முடியும் மெதுவாக வளர்வது, பலன் தெரியவே மாதக்கணக்கில் ஆகும்.

கவுன்ட்டரில் எனக்கு வருத்தம் தருவது இதுதான். மினாக்சிடில் லோஷன் வாங்கிப் போனவர் சில வாரத்தில் திரும்பி வந்து, "இதைப் போட்டதும் இன்னும் அதிகமாகக் கொட்டுதுங்க" என்று நிறுத்திவிடுகிறார். ஓய்வில் இருந்த பழைய முடிகள் விழுந்து புதியவை கிளம்பும் கட்டம் அது. பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். குறைந்தது நான்கைந்து மாதம் பொறுக்க வேண்டும். சிலருக்குப் பலனே இருக்காது என்பதும் உண்மை. முடிவேரில் இருக்கும் ஒரு நொதி மாற்றித் தந்தால்தான் மினாக்சிடில் வேலை செய்யும், அது எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை.

ஃபினாஸ்டரைடை டாக்டர் சீட்டு இல்லாமல் தயவுசெய்து கேட்காதீர்கள். சிறு பகுதியினருக்குத் தாம்பத்தியத்தில் ஆர்வக்குறைவு, மனச்சோர்வு வரலாம். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பாதிக்கும்.

டெங்குவுக்கோ பிரசவத்துக்கோ பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டுவது வழுக்கை அல்ல, பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். வட்டமாக விழும் புழுவெட்டும் வேறு, அதில் நம் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குகிறது. அது தீவிரமானவர்களுக்கு 2022இல் பாரிசிடினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கிருமித்தொற்று அபாயம் இருப்பதால் ரத்தப் பரிசோதனையோடு டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டியது. அதனால் எதை வாங்குவதற்கு முன்னும் தோல் டாக்டரிடம் போய், உங்களுக்குக் கொட்டுவது இவற்றில் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.