60 நாள் தீவிரப் பயிற்சியை வீட்டிலேயே செய்தால் முழு உடலும் கட்டுக்கோப்பாகுமா?

‘ஜிம்முக்குப் போகாமல் இன்சானிட்டி போன்ற 60 நாள் வீடியோ பயிற்சித் திட்டம் மட்டும் போதுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். போக முடியாததற்கு உங்களுக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் இருந்தது. எங்கள் பகுதி உடற்பயிற்சிக் கூடத்தில் பெண்களுக்கென ஒதுக்கிய நேரம் காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை. அந்த நேரத்தில் எந்தப் பெண் அலுவலகத்தை விட்டு வருவாள் என்று கேட்டதற்கு, “வீட்ல இருக்கிற லேடீஸ் வருவாங்க மேடம்” என்றார் வரவேற்பில் இருந்தவர். ஆண்டுக் கட்டணத்தில் மட்டும் அவர்கள் பெண்களுக்குத் தனியாக எதையும் குறைக்கவில்லை.

பதிலுக்கு வருகிறேன். மூச்சுத் திறனுக்கும் கால்களுக்கும் அது தாராளமாகப் போதும், முதுகுக்குப் போதாது. நான் பயிற்சியாளர் அல்லள், செய்து பார்த்தவள் என்ற அளவில்தான் இதைச் சொல்கிறேன்.

அமெரிக்க உடற்பயிற்சியாளர் ஷான் டி வடிவமைத்து 2009-இல் வெளிவந்த அந்தத் திட்டத்துக்குக் கருவி எதுவும் தேவையில்லை. வழக்கமான இடைவெளிப் பயிற்சியில் சிறிது நேரம் கடுமையாக உழைத்து நீண்ட நேரம் ஓய்வெடுப்போம். இவர் அதைத் தலைகீழாக்கி, ஏறத்தாழ மூன்று நிமிடம் முழு வேகம், பிறகு 30 விநாடி ஓய்வு என்று வைத்தார். முதல் மாதம் நாளொன்றுக்குச் சுமார் 40 நிமிடம், நடுவில் சற்று இலகுவான ஒரு வாரம், இரண்டாம் மாதம் ஒரு மணி நேரத்தை நெருங்கும். தொடக்கத்திலும் பிறகு இரு வாரங்களுக்கு ஒருமுறையும் எட்டுப் பயிற்சிகளை ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் செய்து எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள வேண்டும். எடை பார்க்கும் கருவியைவிட நேர்மையான அளவுகோல் அது.

நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளம். நான் குதித்தால் கீழ்வீட்டில் மின்விசிறி ஆடுகிறது என்று புகார் போய், ‘அதிகாலையில் குதிக்க வேண்டாம்’ என்று சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள். மேல்வீட்டில் வாரக்கணக்கில் டைல்ஸ் அறுத்தபோது அந்தப் பலகை காலியாகத்தான் இருந்தது. நான் மொட்டை மாடிக்கு மாறினேன். வெறும் சிமென்ட் தரை முழங்காலுக்கு ஆகாது என்பதால் நல்ல காலணியும், தொடர்ந்து குதிக்க வேண்டிய இடங்களில் காலை மாற்றி மாற்றி வைக்கும் மென்மையான வடிவமும் சேர்ந்துகொண்டன. மூச்சு அப்போதும் குறைவாக வாங்கவில்லை.

‘ஆட்டுக்கல்லில் அரைத்த நம் பாட்டிகள் இதெல்லாம் செய்தார்களா, குனிந்து நிமிர்ந்து வீட்டைப் பெருக்கினால் போதாதா’ என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதத்தான் போகிறார். ஐயா, பத்து ஆண்டுகளாக அதே தரையைத்தான் பெருக்குகிறேன். துடைப்பத்தின் எடை கூடவில்லை. சுமை படிப்படியாக ஏறினால்தான் தசை வலுப்பெறும்.

முதுகுக்கு இது போதாது என்றதற்கும் காரணம் இருக்கிறது. தரையில் தண்டால் எடுக்கலாம், பஸ்கி போடலாம். தரையைப் பிடித்து இழுக்க முடியாது. இன்னொரு பயிற்சியாளரான டோனி ஹார்ட்டனின் 90 நாள் திட்டமான பி90எக்ஸ், தொங்கி இழுக்கும் கம்பியையும் டம்பெல் அல்லது ரப்பர் பட்டையையும் கேட்பது இதனால்தான். நாள் முழுவதும் கணினி முன் தோள் கூனி அமர்ந்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்குத் தள்ளுவதைவிட இழுப்பதே அதிகம் தேவை. அதனால் வாரத்தில் மூன்று நாள் மட்டும் இன்சானிட்டி செய்து, இரண்டு நாளை இழுவைக்கு ஒதுக்கினேன். ஜன்னல் கிரில்லில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுப்பேன். பட்டை இலகுவாகிவிட்டால் தடிமனானதற்கு மாறுவேன். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஏறத்தாழ 20 கிலோ. முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கி அதைத் தூக்கி இறக்குவேன். மூன்று நாள்தானா என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம்: உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்ததே வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடத் தீவிரப் பயிற்சியும், குறைந்தது இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும்தான்.

‘நான்கு நிமிடத் தபாட்டா பயிற்சி இருக்கும்போது நாற்பது நிமிடம் எதற்கு’ என்போருக்கும் ஒரு சொல். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா 1996-இல் வெளியிட்ட ஆய்வில் உடற்கல்வி மாணவர்கள் நிலைமிதிவண்டியில், 20 விநாடி உழைப்பு, 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டுச் சுற்றில் முற்றிலும் களைத்துப்போகும் அளவுக்கு மிதித்தார்கள். கைப்பேசி பார்த்தபடி நான்கு நிமிடம் குதிப்பது அதுவன்று.

நெடுநாள் உடல் அசையாமல் இருந்தவரானால் முதல் வாரத்தில் பாதி நேரத்தோடு நிறுத்துங்கள். தாங்க முடியாத தசை வலியும், டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீரும் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் ராப்டோமயோலிசிஸாக இருக்கலாம். தொடங்கும் நாளில் அந்த எட்டு எண்ணிக்கைகளுக்குக் கீழே, ஒரு நிமிடத்தில் பட்டையை எத்தனை முறை இழுத்தீர்கள் என்ற ஒன்பதாவது எண்ணையும் எழுதிவையுங்கள்.