மன்னித்துவிட்டால் மறுபடியும் கூட்டு கட்ட வேண்டுமா?

கேள்வி: ஐயா, அண்ணி நடத்திய கூட்டில், அதாவது சீட்டில், மாதம் 300 வெள்ளி (ரிங்கிட்) கட்டி வந்தேன், மொத்தம் 20 பேர். என் முறை வந்தபோது 6,000 வெள்ளி கைக்கு வரவில்லை, "செலவாயிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மகளின் படிப்புக்கு நம்பியிருந்த பணம் அது. இப்போது புதுக் கூட்டு தொடங்கி, "கிறிஸ்தவள்தானே, மன்னிச்சிட்டேன்னா சேர்ந்துக்கோ" என்கிறார். மன்னிக்காமல் திருவிருந்து எடுக்கக்கூடாது என்று சபைப் பெரியவர் ஒருவரும் சொல்லிவிட்டார். ஆராதனைக்குப் போகவே கசக்கிறது.
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, மன்னிக்கத்தான் வேண்டும். ஏழு தரம் போதுமா என்று பேதுரு கேட்டதற்கு ஏழெழுபது தரம் என்று சொல்லி அந்தக் கணக்கையே இயேசு மூடிவிட்டார். ஆனால் மன்னிப்பது வேறு, புதுக் கூட்டில் பெயர் கொடுப்பது வேறு.

அண்ணன்மாரே அடிமையாக விற்றுவிட்ட யோசேப்பைப் பாருங்கள். என் வருத்தத்தையெல்லாம் தேவன் மறக்கச் செய்தார் என்று மூத்த மகன் மனாசே பிறந்தபோதே சொன்னவர் அவர். அண்ணன்மார் தானியம் வாங்க எகிப்துக்கு வந்தது அதற்கு அப்புறம்தான். அப்படியிருந்தும் தான் யார் என்று உடனே சொல்லவில்லை. அவர்களில் சிமியோனைப் பிடித்து வைத்தார், நடுவில் தனியே போய் அழுதார், தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிக் கோப்பையைப் போட வைத்தார், தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன் யூதா முன்வந்த பிறகுதான் வாய்விட்டு அழுது எல்லோரையும் கட்டிக்கொண்டார். ஆள் மாறியிருக்கிறாரா என்று பார்ப்பது மன்னிக்காத குணம் ஆகாது.

அந்தப் பெரியவர் உங்களை மட்டும் நிறுத்தி வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு ஒப்புரவாகப் போகச் சொல்வது யாரை? தன்மேல் சகோதரனுக்குக் குறை இருப்பது நினைவுக்கு வந்தவரை. அப்படியானால் முதலில் எழுந்து வரவேண்டியவர் உங்கள் அண்ணி.

பணத்தைக் கேட்பதும் பாவம் இல்லை. அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று வரி வசூலிப்பவரான சகேயு சொன்னபோது இயேசு வேண்டாம் என்று தடுக்கவில்லையே. முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போங்கள், மத்தேயு 18 சொல்லும் வழி அதுதான். கல்யாண வீட்டில் எல்லார் முன்னும் ஆரம்பிக்க வேண்டாம். மாதம் 100 வெள்ளியாகத் தருகிறேன் என்றாலும் சரி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லவே இல்லை என்றால் கடனைத் தள்ளிவிடலாமா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு, அண்ணியோ சபையோ எடுப்பது அல்ல.

கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது நம் மலேசியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதனால் சேர மாட்டேன் என்று நாளைக்கே சொல்லிவிடுங்கள். இன்று ராத்திரி ஜெபத்தில் அண்ணியின் பெயரைச் சொல்லுங்கள், வாய் வரவில்லை என்றால் வரவில்லை ஆண்டவரே என்பதையே சொல்லுங்கள்.