கபிண்டா: எண்ணெய்க்கு முந்தைய வழக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

ஆப்பிரிக்க எல்லைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் கபிண்டாவை ஒரே வரியில் கடந்து சென்றிருந்தீர்கள். அங்கோலாவின் ஆட்சியில் இருந்தாலும் அதன் நிலத்தோடு ஒட்டாமல் தனியே கிடக்கும் அந்தப் பகுதியைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். கடலடியில் எண்ணெய் இல்லாதிருந்தால் அங்கே தனிநாடு கேட்க ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நீண்ட போருக்குப் பின் காலனியாட்சியிலிருந்து விடுபட்ட ஒரு நாடு தன் ஒருமைப்பாட்டைக் காப்பதில் என்ன தவறு? 2010இல் கால்பந்து வீரர்கள் சென்ற பேருந்தைச் சுட்டவர்களிடம் என்ன நியாயம் இருக்க முடியும்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

எண்ணெய்தான் இந்தக் கோரிக்கையைப் பிறப்பித்தது என்பதைக் காலவரிசையே மறுக்கிறது. கல்ஃப் ஆயில் நிறுவனம் கபிண்டாவின் கடற்பகுதியில் எண்ணெயைக் கண்டறிந்தது 1966இல். உற்பத்தி தொடங்கியது 1968இல். ஃபிளெக் எனப்படும் கபிண்டா விடுதலை முன்னணியோ 1963லேயே மூன்று அமைப்புகள் இணைந்து உருவாகிவிட்டது. எண்ணெய் தேடும் பணி ஐம்பதுகளிலேயே நடந்துகொண்டிருந்தது என்று நீங்கள் சொல்லலாம். அதை ஏற்கிறேன். ஆனால் அந்த அமைப்புகள் முன்வைத்த வாதம் எண்ணெயைப் பற்றியதல்ல, ஓர் ஒப்பந்தத்தைப் பற்றியது.

1885 பிப்ரவரி 1 அன்று சிமுலாம்புகோ என்ற இடத்தில் அப்பகுதியின் தலைவர்கள் போர்த்துகலின் பாதுகாப்பை ஏற்றுக் கையெழுத்திட்டார்கள். தங்கள் நிலம் சிதையாமல் காக்கப்படும், தங்கள் அதிகாரம் மதிக்கப்படும் என்பது அவர்களுக்குத் தரப்பட்ட உறுதி. அப்போது நடந்துகொண்டிருந்த பெர்லின் மாநாட்டை ஒட்டி, பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் காங்கோவுக்குக் கடலை அடைய ஒரு வழி விடப்பட்டதால், காங்கோ ஆற்று முகத்துக்கு வடக்கே கபிண்டாவும் தெற்கே அங்கோலாவும் பிரிந்து நின்றன. போர்த்துகலின் 1933ஆம் ஆண்டு அரசியலமைப்பும் இரண்டையும் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பின்னர் 1956இல் நிர்வாக வசதிக்காக அங்கோலாவின் தலைநகரான லுவாண்டாவில் இருந்த ஆளுநரின் கீழ் கபிண்டா வைக்கப்பட்டது. அதற்காக அங்கிருந்த மக்களின் ஒப்புதலை யாரும் கேட்கவில்லை.

சில தலைவர்கள் ஒரு காலனியரசுக்கு எழுதிக் கொடுத்த தாள் மட்டுமே இன்று ஒரு நாட்டை உருவாக்கிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் லுவாண்டாவின் கையில் இருக்கும் தாளும் அதைவிட உறுதியானதல்ல. 1975 ஜனவரியில் அல்வோரில் போர்த்துகலும் மூன்று அங்கோலா இயக்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தம், கபிண்டா அங்கோலாவின் பிரிக்க முடியாத பகுதி என்று அறிவித்தது. அந்த மேசையில் ஃபிளெக் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபிளெக் சுதந்திரத்தை அறிவித்தது, நவம்பரில் ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டுப் படையின் துணையோடு உள்ளே நுழைந்தது, லுவாண்டாவில் ஆட்சியைப் பிடித்த எம்.பி.எல்.ஏ. இயக்கத்தின் படையும் கியூபா வீரர்களும் அதை முறியடித்தனர். ஜயர் அதிபர் மொபுட்டுவின் கண் எண்ணெய் மீது இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்திலும் வெளிநாட்டுச் சக்திகள் இருந்தன. அமெரிக்க நிறுவனமான கல்ஃப், தன் அரசு அங்கீகரிக்க மறுத்த எம்.பி.எல்.ஏ.வின் மார்க்சிய அரசுக்கு வரியும் உரிமத்தொகையும் செலுத்தியது. அதன் நிலையங்களைக் கியூபா வீரர்கள் காவல் காத்தார்கள். 1985 மே மாதம் அவற்றைத் தகர்க்க வந்த தென்னாப்பிரிக்கக் கமாண்டோக்களில் இருவரை அங்கோலா ராணுவம் சுட்டு வீழ்த்தி, ஒருவரைச் சிறைபிடித்தது. பனிப்போரின் இரு முகாம்களும் எதிலும் ஒத்துப்போகாத அந்த ஆண்டுகளில்கூட எண்ணெய் ஓட்டம் பெரும்பாலும் தடைபடவில்லை. எண்ணெயின் பங்கு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து: அது கோரிக்கையை உருவாக்கவில்லை, அந்தக் கோரிக்கையைக் காதுகொடுத்துக் கேட்பதற்கான தேவை எவருக்கும் இல்லாமல் செய்துவிட்டது.

கல்ஃபின் இடத்துக்கு 1984இல் செவ்ரான் வந்தது. எண்ணெய்ப் பணியாளர்கள் வசிக்கும் மலோங்கோ முகாம் வேலியிட்ட தனி உலகமாகவே இருந்துவந்தது. போர்க்காலத்தில் அதைச் சுற்றிக் கண்ணிவெடிகளும் புதைக்கப்பட்டன. ஒரு காலத்தில் அங்கோலாவின் எண்ணெயில் பாதிக்கும் மேல் இந்தக் கடலிலிருந்தே வந்தது. எண்ணெய் வரியில் பத்தில் ஒரு பங்கு மாகாணத்துக்குத் திரும்பும் என்ற ஏற்பாடு உண்டு. ஆனால் அது போய்ச் சேர்வது குடியரசுத் தலைவர் நியமிக்கும் மாகாண ஆளுநரிடம். உள்ளாட்சித் தேர்தல் என்ற ஒன்று அங்கோலாவில் இதுவரை நடந்ததே இல்லை.

ஒருமைப்பாட்டைக் காப்பதில் என்ன தவறு என்று கேட்டிருந்தீர்கள். அது எப்படிக் காக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். 2002இல் உள்நாட்டுப் போர் முடிந்ததும் பெரும் படை கபிண்டாவுக்குத் திரும்பியது. கிராமத்தார் மீதான சித்திரவதைகளையும் கொலைகளையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அவற்றை உள்ளூரிலேயே ஆவணப்படுத்திய ம்பலபண்டா என்ற குடிமக்கள் அமைப்பு 2006 ஜூலையில் தடை செய்யப்பட்டது. மறு மாதமே ஃபிளெக்கின் ஒரு பிரிவுத் தலைவரான பென்டோ பெம்பேயுடன் அரசு அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்டது. மற்றொரு தலைவரான ந்ஸிட்டா தியாகோவின் பிரிவு அதை ஏற்கவில்லை. பேசக்கூடிய சிவில் அமைப்பை மூடிவிட்டு, ஆயுதக் குழுவின் ஒரு பாதியுடன் மட்டும் செய்யப்படும் உடன்பாடு அமைதியைத் தராது.

2010 ஜனவரி 8 அன்று டோகோ அணியின் பேருந்து மீது நடந்த தாக்குதலில் துணைப் பயிற்சியாளரும் ஊடக அலுவலரும் உயிரிழந்தார்கள். அதற்கு நியாயம் எதுவும் கிடையாது. ஆனால் அதைத் தொடர்ந்து சிறைக்குச் சென்றவர்களில் பாதிரியார் ரவுல் தாத்தியும் வழக்கறிஞர் பிரான்சிஸ்கோ லுவெம்பாவும் இருந்தார்கள். துப்பாக்கி ஏந்தாமல் அரசை விமர்சித்தவர்கள் அவர்கள். அரசின் பாதுகாப்புக்கு எதிரான குற்றம் என்ற சட்டத்தில் தண்டிக்கப்பட்டு, அந்தச் சட்டம் மாற்றப்பட்ட பிறகு ஆண்டு முடிவில் விடுதலையானார்கள். 2015இல் ஓர் ஆர்ப்பாட்டத்துக்கு ஏற்பாடு செய்ததற்காக மார்கோஸ் மவுங்கோவுக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

காலனியாட்சி விட்டுச்சென்ற எல்லைகளை மாற்றுவதில்லை என்று ஆப்பிரிக்க நாடுகள் 1964இல் எடுத்த முடிவின் பின்னால் காங்கோவிலிருந்து பிரிய முயன்ற கடாங்கா மாகாணத்தின் ரத்தம் இருந்தது. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். அந்த விதிக்கு விலக்காக அமைந்த எரித்திரியாவும் தென் சூடானும் 1993இலும் 2011இலும் வாக்கெடுப்பு நடத்தியே பிரிந்தன. கபிண்டாவில் அத்தகைய வாக்கெடுப்பு எந்த அரசின் கீழும் நடந்ததில்லை. 2022 பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சியான எம்.பி.எல்.ஏ. அங்கே தோற்று, எதிர்க்கட்சியான யூனிட்டா வென்றது. யூனிட்டா பிரிவினைக் கட்சி அல்ல என்பதால், அந்த முடிவைத் தனிநாட்டுக்கான வாக்காகக் கொள்ள முடியாது. தன்னாட்சி கேட்பவர்கள் எத்தனை பேர், சுதந்திரம் கேட்பவர்கள் எத்தனை பேர், நல்ல மருத்துவமனையும் துறைமுகமும் கிடைத்தால் போதும் என்பவர்கள் எத்தனை பேர் என்பதை அறிய, தலைவர்களை அந்த மக்களே தேர்ந்தெடுக்க விடுவதும் ம்பலபண்டா மீதான தடையை நீக்குவதும் முதல் படிகள். இரண்டும் லுவாண்டாவின் கையில்தான் இருக்கின்றன. இரண்டாலும் அங்கோலாவின் எல்லை ஓர் அங்குலமும் நகராது.